தொட்டதும் துள்ளிய கை

சேலத்தில் ஓமலூர் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு பட்டறை. பால் குளிரூட்டும் ஸ்டீல் தொட்டிகள் செய்கிறார்கள். ஒரு சாயங்காலம் நாங்கள் அங்கே நிறுத்தியிருந்த ரோபோ கை, தொட்டியின் விளிம்பைத் தொட்டதும் துள்ளியது. துள்ளித் திரும்ப வந்து அடித்தது. அடித்த வேகத்தில் இன்னும் உயரத் துள்ளியது. மூன்றாவது அடி விழுவதற்கும் நான் சிவப்புப் பட்டனை அழுத்துவதற்கும் சரியாக இருந்தது. தொட்டியில் கட்டைவிரல் அகலத்துக்கு மூன்று பள்ளம். பட்டறையில் இருந்தவர்கள் கையில் இருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

பள்ளத்தைத் தட்டி எடுத்துவிடலாம். என்னை உறுத்தியது வேறு. அதே கை, அதே புரோகிராம், எங்கள் இடத்தில் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பலகையில் ஸ்பாஞ்சு ஒட்டி, கையின் நுனியில் மாட்டிய, இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரை அதன் மேல் அழுத்திப் பார்த்தோம். வெண்ணெய் மாதிரி போனது. அங்கே நல்ல பிள்ளையாக இருந்தது இங்கே வந்து ஏன் முரட்டுத்தனம் செய்கிறது? அடுத்த மூன்று வாரம் இந்த ஒரு கேள்வியோடுதான் இருந்தேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன். இதே இடத்தில் மாட்டிக்கொள்ளும் இன்னொருவருக்கு மூன்று வாரம் மிச்சமாகலாம்.

வேலை இதுதான். தொட்டியின் உடலையும் மூடியையும் சேர்க்கும் வெல்டிங் ஜாயின்ட்டை மேடு தெரியாமல் தேய்த்து எடுக்க வேண்டும். கை 25 நியூட்டன் அழுத்தம் கொடுத்தபடி ஜாயின்ட்டின் மேலேயே போக வேண்டும். ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை வைத்தது போன்ற அழுத்தம். சாதாரணமாக ரோபோ கைக்கு இடம் மட்டும்தான் தெரியும். 'இங்கே போ' என்றால் போகும், நடுவில் என்ன இருந்தாலும். ஆனால் கையால் அடித்து வளைத்த தொட்டி எதுவும் வரைபடத்தில் உள்ளபடி இருக்காது. ஒரு தொட்டி இரண்டு மில்லிமீட்டர் உப்பியிருக்கும், இன்னொன்று மூன்று மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கும். இடத்தை மட்டும் நம்பி ஓட்டினால் ஓரிடத்தில் தகட்டையே தின்றுவிடும், இன்னோரிடத்தில் காற்றைத் தேய்க்கும். அதனால்தான் நெகிழ்வுக் கட்டுப்பாடு. எதிர்ப்பு வந்தால் விட்டுக்கொடு, எதிர்ப்பு குறைந்தால் முன்னே போ என்று கைக்குச் சொல்லிக்கொடுப்பது.

இந்தத் துறையில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நெவில் ஹோகன் 1985-இல் மூன்று பாகமாக வெளியிட்ட கட்டுரைதான் பலருக்கும் தொடக்கப் புள்ளி. கை எங்கே இருக்கிறது என்பதையோ எவ்வளவு அழுத்துகிறது என்பதையோ தனித்தனியாகப் பிடிக்காதே, இரண்டுக்கும் இடையே உள்ள உறவைப் பிடி என்பது அதன் சாரம். கை ஒரு ஸ்பிரிங் போலவும், வண்டியின் ஷாக் அப்சார்பரைப் போல அசைவைத் தணிக்கும் டேம்பர் போலவும் நடந்துகொள்ள வேண்டும். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். மூட்டு மோட்டார்களின் முறுக்குவிசையை நேரடியாக ஆளலாம். அல்லது மணிக்கட்டில் ஒரு ஃபோர்ஸ் சென்சாரை மாட்டி, அது சொல்லும் விசையைப் பார்த்துக் கையை நகர்த்தலாம். எங்களுடையது இரண்டாவது வகை. கணக்கு மிக எளிது. வேண்டிய விசையிலிருந்து அளந்த விசையைக் கழி, மிச்சத்தை டேம்பிங் என்ற எண்ணால் வகு, வருவதுதான் கை நகர வேண்டிய வேகம். நாங்கள் வைத்திருந்த டேம்பிங் 900. காற்றில் இருக்கும்போது 25 நியூட்டனும் பாக்கி, அதனால் செகண்டுக்கு 28 மில்லிமீட்டர் வேகத்தில் தொட்டியை நோக்கி வரும். தொட்டபின் பாக்கி குறையக் குறைய வேகமும் குறைந்து, 25-இல் நின்றுவிடும். காகிதத்தில் இதில் ஆடுவதற்கு ஒன்றுமே இல்லை.

முதல் நாலு நாள் தப்பான இடங்களில் தேடினேன். கருவியின் எடையைத் தப்பாகக் கொடுத்திருக்கிறோமோ என்று கிரைண்டரைக் கழற்றித் தராசில் வைத்தேன். 2.6 கிலோ, சரியாகவே இருந்தது. எடை தப்பாக இருந்தால் கை ஆடாது. மணிக்கட்டைத் திருப்பும்போது தானாக ஒரு பக்கம் ஊர்ந்து போகும், அவ்வளவுதான். சென்சாரின் திசை தலைகீழாக இருக்கிறதோ என்று பார்த்தேன். அப்படி இருந்தால் தொட்ட நொடியே கை உள்ளே பாயும், துள்ளாது. கேபிள் எங்காவது சென்சாரை இழுக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. ஒரு போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது. அதை இறுக்கிவிட்டு ஓட்டினேன். அதே ஆட்டம்.

பிறகு எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். டேம்பிங் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனேன். 2,000, 4,000, 6,000. ஆறாயிரத்தில் துள்ளல் அடங்கியது. ஆனால் கை செகண்டுக்கு 4 மில்லிமீட்டர் நகர்ந்தது. மேடு பள்ளம் வந்தால் பின்தொடர முடியவில்லை, ஒரு தொட்டிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. பட்டறை முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் சொல்லவே வேண்டியதில்லை.

முதல் துப்பு கிடைத்தது உண்மையில் என் உள்ளங்கையில்தான். கை நின்றிருந்த நேரத்தில் சும்மா தொட்டியின் மேல் சாய்ந்து அழுத்தினேன். நடுத் தகடு லேசாக உள்ளே போய் வந்தது. விளிம்புப் பக்கம் நகர்ந்து அழுத்தினேன், அசையவில்லை. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கை துள்ளியதெல்லாம் விளிம்புப் பக்கம். நடுவில் கொஞ்சம் தள்ளாடும், ஆனால் அடங்கிவிடும். ஸ்பாஞ்சில் தள்ளாட்டம்கூட இல்லை.

சரி, அளந்துவிடுவோம் என்று கிரைண்டரை அணைத்துவிட்டு, ஃபோர்ஸ் மோடையும் எடுத்துவிட்டு, கையை 0.1 மில்லிமீட்டர் கணக்கில் மெதுவாக அழுத்த வைத்து, ஒவ்வொரு படியிலும் விசையைக் குறித்துக்கொண்டேன். நடுத் தகட்டில் அரை மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன். விளிம்பில் அதே அரை மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன். இதைத்தான் விறைப்பு என்பது. மில்லிமீட்டருக்கு 8 எங்கே, 60 எங்கே. எங்கள் ஸ்பாஞ்சுப் பலகை வெறும் 2. முப்பது மடங்கு மெத்தென்ற ஒன்றில் சோதித்துப் பார்த்துவிட்டு, இரும்பில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம். நெகிழ்வுக் கட்டுப்பாட்டில் கை மட்டும் தனியாக நிலையானதாக இருந்தால் போதாது, தொடப்படும் பொருளும் அந்தச் சுற்றுக்குள் வந்துவிடுகிறது. தொட்டி எங்கள் புரோகிராமின் ஒரு பகுதி. இதைப் பாடமாகப் படித்திருக்கிறேன். அன்றுதான் உள்ளங்கையில் உணர்ந்தேன்.

ஆனாலும் கேள்வி பாதிதான் தீர்ந்தது. விறைப்பு அதிகமானால் ஏன் ஆட வேண்டும்? கணக்குப்படி கை 25 நியூட்டனைத் தொட்டதும் நின்றுவிட வேண்டியதுதானே?

என் வீடு ஏற்காட்டில். சனிக்கிழமைதோறும் மலை ஏறுவேன். இருபது கொண்டை ஊசி வளைவு. அதில் ஏதாவது ஒரு வளைவில் எதிரே லாரி வந்துவிட்டால் யாராவது பின்னே எடுத்தாக வேண்டும். கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய் நிற்பார். பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே "வரட்டும், வரட்டும், வரட்டும்... ஓல்டான்!" என்பார். டிரைவருக்குப் பின்னால் இருப்பது தெரியாது, அந்தக் குரல்தான் கண். இப்போது அந்தக் குரல் இரண்டு செகண்டு தாமதமாக டிரைவர் காதில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஓல்டான்' கேட்கும்போது பஸ் ஏற்கெனவே தடுப்புச்சுவரைத் தொட்டிருக்கும். பதறி முன்னே எடுப்பார். 'போதும்' என்ற குரல் வருவதற்குள் லாரியின் மேல் போய் நிற்பார். டிரைவர் மேலும் தப்பில்லை, கண்டக்டர் மேலும் தப்பில்லை. இருவருக்கும் நடுவில் இருக்கும் தாமதம்தான் பஸ்ஸை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. பஸ் ஊர்ந்து போனால் இந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது. சுவரும் வைக்கோற்போராக இருந்தால் கவலையில்லை. வேகமும் இருந்து, சுவரும் கல்லாக இருந்தால்தான் ஆபத்து.

எங்கள் கையிலும் அதுதான். வேகம் டேம்பிங்கில் இருக்கிறது, சுவர் தொட்டியின் விறைப்பு. அப்படியானால் தாமதம் எவ்வளவு?

இங்கேதான் ஆட்டமே எனக்கு உதவியது. விசையைப் பார்த்து வேகம் கொடுக்கும் இந்த எளிய வகையில், ஆட்டம் அடங்குவதற்கும் பெருகுவதற்கும் நடுவிலுள்ள எல்லையை ஒட்டி ஆடும்போது ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் தாமதத்தைப் போல் நான்கு மடங்கு. இது கணக்கிலிருந்து நேராக வருவது. எல்லையைத் தாண்டித் துள்ளிக் குதிக்கும்போது பொருந்தாது, ஏனென்றால் பாதி நேரம் கை காற்றில் இருக்கிறது. அதனால் விளிம்பை விட்டுவிட்டு நடுத் தகட்டுக்குப் போனேன். கிரைண்டரை அணைத்து, கையை 25 நியூட்டனில் நிற்க வைத்து, மணிக்கட்டில் விரலால் ஒரு தட்டு தட்டினேன். விசையின் பதிவை, அதாவது லாக் எடுத்துப் பார்த்தால் ஐந்தாறு அலை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறிது. சிகரத்துக்கும் சிகரத்துக்கும் நடுவே 0.64 செகண்டு. நான்கால் வகுத்தால் 160 மில்லிசெகண்டு.

அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. கையை ஓட்டும் கன்ட்ரோலர் 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை விசையைப் படித்துக் கணக்குப் போடுகிறது. கைக்குத் திடீரென்று ஒரு வேகத்தைக் கொடுத்து, எப்போது நகரத் தொடங்குகிறது என்று மூட்டின் திருப்பத்தை அளக்கும் என்கோடரில் பார்த்தேன், 30 வந்தது. மீதி 130 எங்கிருந்து?

மீதி என் கையால் போட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால், கிரைண்டர் ஓடும்போது விசைக் கிராஃப் முள்வேலி மாதிரி இருந்ததால், கடைசியாகப் படித்த 32 அளவுகளின், அதாவது சாம்பிள்களின் சராசரியை எடுத்துக்கொள் என்று ஒரு ஃபில்டர் போட்டிருந்தேன். முதலில் 16 போட்டேன், கிராஃப் அழகாகவில்லை என்று 32 ஆக்கினேன். 32 சாம்பிள் சராசரி என்றால் கைக்குக் கிடைக்கும் செய்தி சராசரியாகப் பதினைந்தரைச் சாம்பிள் பழையது. 8 மில்லிசெகண்டால் பெருக்கினால் 124. கையின் 30-ஐச் சேர்த்தால் 154. லாக்கில் அளந்தது 160. எல்லையைத் தொடாமல் கொஞ்சம் கீழே ஆடும்போது அலை சற்று நீளமாக வரும் என்பதையும் சேர்த்தால், இதைவிட நெருங்கிப் பொருந்த முடியாது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

எல்லை எங்கே என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தொடும் பொருளின் விறைப்பை தாமதத்தால் பெருக்கி, டேம்பிங்கால் வகுங்கள். வருவது 1.57-ஐத் தாண்டினால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். அதற்குக் கீழே இருந்தால் அடங்கும். 0.37-க்கும் கீழே போய்விட்டால் ஒருமுறைகூடத் தாண்டாமல் நேராகப் போய் நிற்கும். விறைப்பை மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்றும், தாமதத்தைச் செகண்டிலும் போட வேண்டும். எங்கள் ஸ்பாஞ்சுக்குப் போட்டால் 0.34. நடுத் தகட்டுக்கு 1.37, அதாவது தள்ளாடித் தள்ளாடி அடங்கும். விளிம்புக்கு 10.3. பத்து! துள்ளாமல் என்ன செய்யும்? இரண்டு வாரம் நல்லபடி ஓடியதும், நடுவில் தள்ளாடியதும், விளிம்பில் அடித்ததும் எல்லாம் ஒரே எண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

எனக்கு இதில் மிகவும் வருத்தமாக இருந்த விஷயம், கிராஃப் அழகாக ஆக ஆகக் கை மோசமாகியிருக்கிறது என்பது. திரையில் பார்ப்பதற்கு அமைதி, தொட்டியின் மேல் ரகளை. ஆடும் கையைப் பார்த்ததும் பலரும் முதலில் ஃபில்டரைக் கூட்டுவார்கள். நானும் ஒருநாள் 64 வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமானது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். கூட்டினால் மோசமாகிறது என்பதே ஒரு பதில்.

அதற்காக ஃபில்டரை எடுத்துவிட முடியுமா? எடுத்துப் பார்த்தேன். துள்ளல் குறைந்தது, ஆனால் கை உதறலெடுத்தது, காய்ச்சல் வந்த குழந்தை மாதிரி. அப்படியானால் அந்த முள்வேலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

தொட்டியை விட்டுத் தள்ளிக் காற்றில் கையை நிறுத்தி, கிரைண்டரை மட்டும் ஓடவிட்டு லாக் எடுத்தேன். செகண்டுக்கு ஐந்து முறை மெதுவாக ஏறி இறங்கும் ஓர் அலை, மேலும் கீழும் 15 நியூட்டன். கை அசையவே இல்லை. செகண்டுக்கு ஐந்து முறை ஆடும் பொருள் எதுவும் அங்கே இல்லை. கிரைண்டரின் வேகம் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது செகண்டுக்கு 120. நாங்கள் சென்சாரைப் படிப்பது செகண்டுக்கு 125 முறை. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து.

லேத் பட்டறையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும் சக்கு நிற்பது போலவே தெரியும். வேகம் சற்று மாறினால் மெல்ல ஊர்வது போல் இருக்கும். நிற்கிறது என்று நம்பிக் கை வைத்தவர்கள் உண்டு, அதனால்தான் லேத்துக்கு மேலே தனியாகக் குண்டு பல்பு போடுவார்கள். விட்டு விட்டுப் பார்க்கும் கண்ணுக்கு வேகமாகச் சுற்றுவது மெதுவாகத் தெரியும். எங்கள் கன்ட்ரோலரும் விட்டு விட்டுத்தான் பார்க்கிறது. கிரைண்டரின் அதிர்வை ஊஞ்சலாட்டம் என்று நினைத்துக்கொள்கிறது.

சந்தேகம் தீர கிரைண்டரின் ஸ்பீடு திருகை மிக மெல்லத் திருப்பினேன். 7,300, 7,400. திரையில் அலை நீண்டு நீண்டு சோம்பலானது. 7,500-ஐ நெருங்கும்போது கிட்டத்தட்ட நின்றேவிட்டது. இன்னும் திருப்பினால் மறுபடி உயிர் வந்து வேகம் பிடித்தது. கிரைண்டரின் சத்தமோ ஒரே சீராக ஏறிக்கொண்டுதான் இருந்தது. காது ஒன்று சொல்ல, திரை வேறொன்று சொல்ல, திருகைப் பிடித்தபடி அதையே நாலைந்து முறை செய்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒருமுறை உள்ளே வந்துவிட்ட போலி அலையைப் பிறகு எந்த ஃபில்டராலும் அடையாளம் காண முடியாது. அது நிஜமான மெதுவான விசையைப் போலவே இருக்கும். அதை அழிக்கத்தான் எனக்கு 32 சாம்பிள் தேவைப்பட்டது, அதோடு நிஜ விசையும் தாமதப்பட்டது. வாசலிலேயே தடுக்க வேண்டியதை வீட்டுக்குள் விட்டுத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன். நல்லவேளை, சென்சாருக்குள்ளேயே ஒரு ஃபில்டர் இருந்தது. சென்சார் தனக்குள் மிக வேகமாகப் படித்து, வடிகட்டி, பிறகுதான் நமக்குத் தருகிறது. அது அணைத்தே இருந்தது. அதை 40 ஹெர்ட்ஸில் வைத்தேன், அதாவது செகண்டுக்கு 40 முறைக்கு மேல் ஆடுவதைத் தணிக்கும்படி. 120 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்பதில் ஒரு பங்காகிவிட்டது. அதற்கான விலை 6 மில்லிசெகண்டு மட்டும். எங்கள் பக்கத்துச் சராசரியை 32-இலிருந்து 4-க்கு இறக்கினேன், அது 12. கையின் 30-ஐயும் சேர்த்து மொத்தத் தாமதம் 48. முன்பு 154.

மறுபடி விளிம்பு. இப்போது 900 டேம்பிங்கில் எண் 3.2. பத்திலிருந்து மூன்றுக்கு வந்தாலும் 1.57-க்கு மேலேதான். துள்ளல் சிறிதாகியிருந்தது, போகவில்லை. டேம்பிங்கை 3,500 ஆக்கினால் அடங்கும், ஆனால் மறுபடி ஊர்வலம்தான்.

பட்டறையில் முப்பது வருஷமாகப் பாலிஷ் போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். செவ்வாய்ப்பேட்டைக்காரர், வீட்டில் கொலுசு வேலை. முதல் நாளிலிருந்தே எங்கள் கையைத் தூர நின்று பார்ப்பார், கிட்டே வரமாட்டார். இந்த ரோபோ வந்தால் தன் வேலை என்னாகும் என்று அவர் நினைத்திருக்கலாம். நியாயமான நினைப்புதான். அன்று டீ நேரத்தில் பக்கத்தில் வந்து, நின்றிருந்த கையின் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"வெறச்சுக்கிட்டு அழுத்துது தம்பி. அப்புறம் எகிறாம என்ன பண்ணும்?"

"எகிறாம இருக்கத்தாண்ணா இத்தனை கணக்கு" என்றேன்.

"கணக்கு போடறதுக்குள்ள எகிறிருமுங்களே." தன் கையை நீட்டிக் காட்டினார். "நாங்க எகிறுனப்புறம் விட்டுக்குடுக்கறதில்ல. மொதல்லயே மணிக்கட்ட லூசா வெச்சிருப்போம். டிஸ்கும் பாருங்க, நீங்க போட்டிருக்கறது கட்டை மாதிரி. அதுக்குப் பின்னால ரப்பர் பேடு வரும்ல, சாஃப்ட்டா, அதைப் போடோணும்."

நான் அவர் பேடை வாங்கி விரலால் அழுத்தினேன். பின்பக்கம் முழுக்கக் கருப்பாகி, ஓரம் தேய்ந்த ரப்பர். அவர் சொன்னதன் ஆழம் எனக்கு அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல இறங்கியது. கண்ணால் பார்த்துக் கையை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லிசெகண்டு ஆகும். அனிச்சைச் செயல் அதைவிடச் சீக்கிரம் வந்தாலும் உடனே வருவதில்லை. நரம்புகளின் தாமதம் எங்கள் கன்ட்ரோலரைவிட எந்த விதத்திலும் உசத்தி இல்லை. பிறகு எப்படி மனிதக் கை கல்லைத் தொட்டாலும் துள்ளுவதில்லை? தசை தானாகவே மெத்தென்று இருக்கிறது. செய்தி மூளைக்குப் போய்த் திரும்பும்வரை அது தாங்கிக்கொள்கிறது. எதிரெதிர்த் தசைகளை ஒருசேர இறுக்கியும் தளர்த்தியும் இந்த விறைப்பை முன்கூட்டியே ஏற்றி இறக்குகிறோம் என்று அதே ஹோகன் 1984-இல் எழுதியிருக்கிறார். அண்ணன் 'லூசா வெச்சிருப்போம்' என்றாரே, அதேதான். அமெரிக்காவின் டிரேப்பர் ஆய்வகம் 1970களில், துளைக்குள் முளை செருகும் வேலைக்காக ரோபோவின் மணிக்கட்டில் வளைந்து கொடுக்கும் ஒரு சிறு பொறியை மாட்டியதும் இதே யோசனைதான். அதில் கம்ப்யூட்டர் கணக்கே கிடையாது, வெறும் பொருளின் நெகிழ்வு.

நெகிழ்வை மென்பொருளால் மட்டுமே கொண்டுவரலாம் என்று நான் நினைத்திருந்தது தப்பு. மென்பொருள் தரும் நெகிழ்வு தாமதமாக வரும் நெகிழ்வு. தொட்ட அந்த முதல் 48 மில்லிசெகண்டில் கை வெறும் இரும்புதான், என்ன எழுதியிருந்தாலும்.

மறுநாள் கட்டை டிஸ்கை எடுத்துவிட்டு ரப்பர் பேடும் ஃபைபர் டிஸ்கும் மாட்டினோம். பேடின் விறைப்பை அளந்தேன், மில்லிமீட்டருக்கு 12. விளிம்பின் 60-உம் பேடின் 12-உம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது சேர்ந்து 10 ஆகிறது. மெலிந்தவனே முடிவு செய்கிறான். டேம்பிங்கை 1,400 வைத்தேன். கணக்கு 0.34. ஸ்பாஞ்சுப் பலகையில் முதல் நாள் வந்த அதே எண், இப்போது இரும்பு விளிம்பில்.

ஓட்டினோம். நான் சிவப்புப் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். கை செகண்டுக்கு 18 மில்லிமீட்டர் வேகத்தில் வந்து விளிம்பைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஒரு சிறு அழுத்தம், பேடு லேசாகச் சப்பையானது, பொறி பறக்க ஆரம்பித்தது. அவ்வளவுதான். விளிம்பிலிருந்து நடுத் தகட்டுக்கும், அங்கிருந்து மறுபடி விளிம்புக்கும் போய் வந்தது. சத்தம் மாறவே இல்லை. ஒரு தொட்டிக்குப் பதினெட்டு நிமிஷம்.

நடுவில் இன்னொரு சிக்கலும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் கை திடீரென்று வெடுக்கென இழுத்தது. தாமதம்தான் என்று முதலில் அதையும் இந்தக் கணக்குக்குள் திணிக்கப் பார்த்தேன். பொருந்தவில்லை, ஏனென்றால் காற்றில் போகும்போதும் அதே மூலையில் இழுத்தது. ஐந்தாவது மூட்டு நேராகும் இடம் அது. அங்கே நாலாவது மூட்டும் ஆறாவது மூட்டும் ஒரே கோட்டில் வந்துவிடும், சின்ன அசைவுக்கும் இரண்டும் சுழன்று தள்ளும். தொட்டியை மேடையில் 20 டிகிரி திருப்பி வைத்ததும் போய்விட்டது. மென்பொருளிலும் இதற்கு வழி உண்டு, ஆனால் தொட்டியைத் திருப்ப ஐந்து நிமிஷம்தான் ஆனது. தொட்டால் ஆடுகிறதா, தொடாமலே ஆடுகிறதா என்பதை முதல் நாளே பிரித்துப் பார்ப்பது நல்லது. நான் பிரிக்காததால் அந்த மூலைக்கு மட்டும் இரண்டு நாள் போனது.

முதல் ஐந்து தொட்டி முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் கண்ணால் பார்க்கவில்லை. கட்டைவிரல் நகத்தை ஜாயின்ட்டுக்குக் குறுக்கே வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். இரண்டு இடத்தில் நின்று சாக்பீஸால் வட்டம் போட்டார். இரண்டும் விளிம்புப் பக்கம். லாக்கைத் திறந்து பார்த்தேன், அந்த இரண்டு இடத்திலும் விசை ஓரிரு நியூட்டன் ஆடியிருந்தது. ஐந்தாவது தொட்டிக்குள் பேடு சூடேறி இறுகியிருக்கிறது.

அதனால் இப்போது தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் கையை ஓர் இரும்புக் கட்டையின் மேல் 0.1 மில்லிமீட்டராக அழுத்தி, பேடின் விறைப்பை அளந்து, சுவரில் மாட்டிய அட்டையில் எழுதுகிறோம். 16-ஐத் தாண்டினால் பேடு மாற்ற வேண்டும். எழுதுவது அண்ணன்தான். நேற்று 13 என்று எழுதியிருந்தார். இன்று காலை 14.